மண்ணுக்குள் இருக்க வேண்டிய மஞ்சள் நாடா

1

ஓமான் நேரம் பகல் ஒன்று பத்து. ஊரில் அப்போது இரண்டு நாற்பது. வெள்ளிக்கிழமை, எனக்கு வார விடுமுறை. சோற்றை வடித்துவிட்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தம்பி வேலு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அதைத் திறந்த நேரத்திலிருந்துதான் எல்லாம் கோணலாகப் போகத் தொடங்கியது. அதற்கு முன்பு வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இதையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் புலம்புகிறவர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது.

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர். அன்று திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. வீடியோவில் வேலுவின் குரல் முதலில் வந்தது.

"அக்கா, பாத்துக்கோ. இந்த வருசம் தீக்குழி நம்ம நெலத்துலதான். எப்டி கீது?"

நன்றாகத்தான் இருந்தது. நீளமாகக் குழி வெட்டி, அதில் புளியங்கட்டைகளை மார்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைமரம். ஓர் ஓரத்தில் மைக்செட் மேசை, அதன்மேல் வாய் அகன்ற நான்கு ஒலிபெருக்கிகள். கூட்டம் கிட்டே வராமல் இருக்க, சவுக்குக் கழிகளை நட்டு, சுற்றிலும் மஞ்சள் நிறத்தில் அகலமான பிளாஸ்டிக் நாடா ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அங்கங்கே அதில் காய்ந்த சேறு. சிவப்பில் ஏதோ எழுத்து.

வீடியோவை நிறுத்திவிட்டு அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரண்டி கையில் இருந்தது. கடுகு கருகிய வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழே பெட்ரோலியக் குழாய் இருக்கிறது, தோண்டாதே என்று பொருள்.

அந்த நாடாவை எனக்கு நன்றாகத் தெரியும். எரிபொருள் குழாயைப் பதிக்கும்போது முதலில் கொஞ்சம் மண் போட்டு மூடுவார்கள். அதன்மேல் நீளத்துக்கும் இந்த நாடாவை விரித்து, பிறகு மீதி மண்ணைத் தள்ளுவார்கள். பின்னாளில் யாராவது விவரம் தெரியாமல் தோண்டினால், குழாய்க்கு முன்னால் நாடா வந்துவிடும். வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். மண்ணுக்கு மேலே அதற்கு வேறு எந்த வேலையும் கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்கள் தோண்டியிருக்கிறார்கள். நாடா வந்திருக்கிறது. கழுவி, அழகாகக் கட்டியிருக்கிறார்கள்.

கட்டையில் தீ வைக்க மூன்றரை மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். சாயங்காலம் அந்தத் தணலில் இறங்கப் போகிறவர்களில் என் மகள் மதுவும் ஒருத்தி.

2

நான் எங்கே இருக்கிறேன், என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால்தான் அந்த நாடாவைப் பார்த்து நான் ஏன் அப்படி நின்றேன் என்பது புரியும்.

ஓமானின் வடக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். என் கணவர் இங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையின் விரிவாக்க வேலையில் குழாய் பொருத்தும் பிரிவில் மேற்பார்வையாளர். நான் அதன் பக்கத்திலேயே உள்ள எரிபொருள் கிடங்கில், பெர்மிட் அலுவலகத்தில் இருக்கிறேன். வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி வந்து, பல வருடம் வீட்டில் இருந்து, பிறகு கிடைத்த வேலை. கிடங்கு வளாகத்துக்குள் யார் ஒரு பொறி நெருப்பு உண்டாக்க வேண்டுமென்றாலும், வெல்டிங்கோ இரும்பு அறுப்பதோ எதுவானாலும், என் சன்னலுக்கு வந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். காற்றில் வாயு இருக்கிறதா என்று அளந்தார்களா, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, காவலுக்கு ஆள் நிற்கிறாரா என்று நான் கேட்பேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் முத்திரை குத்துவேன். என்னை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'நோ ஃபயர் மேடம்' என்பார்கள்.

பிடித்த வேலை. காலையில் வெயில் ஏறுவதற்குள் பேருந்து வந்துவிடும். வெள்ளைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு வருடமும் பின்னால் ஒரு வரிசை கூடிக்கொண்டே போகும். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மேசையில் மலையாளமும் இந்தியும் அரபியும் உருதும் புழங்கும். அதில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நான் ஒரு இந்தி பேசுகிறேன். இங்கே எல்லோருக்கும் அது புரிகிறது. இந்தியாவில் ஒருவருக்கும் புரிவதில்லை. போன முறை சென்னை விமான நிலையத்தில் வட நாட்டு அதிகாரி ஒருவரிடம் வரிசை முடிந்துவிட்டதா என்று கேட்க, அரபிச் சொல்லைப் போட்டு 'கலாஸா?' என்றேன். அவர் என் பையை இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

விரிவாக்கம் தொடங்கிய புதிதில் ஒரு நாள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் மண்ணள்ளும் இயந்திரம் ஒன்று பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. அதன் பல்லில் மஞ்சள் நாடா சிக்கிக்கொண்டு மேலே வந்தது. எங்கள் மேலாளர் சயீத் கனத்த உடம்புக்காரர். தேநீர் குடிக்கப் போவதென்றாலும் வண்டியில்தான் போவார். அன்று அவர் செருப்பில்லாமல், வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இயந்திரத்தை நோக்கி ஓடியதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டுநர் சிரித்தபடி இறங்கினார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாடா மேலே வந்தால் மனிதர்கள் எப்படி ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மது இங்கே வளர்ந்தவள். சிறுவயதில் அவள் வரைந்த வீட்டுப் படங்களில் சூரியன் இருக்காது. ஆலையின் உயரமான கம்பமும் அதன் நுனியில் எரியும் நெருப்பும்தான் இருக்கும். பிள்ளை ஊரை மறந்துவிடுவாள் என்று பயந்து, கல்லூரிக்குப் புதுச்சேரியில் சேர்த்து, வேலு வீட்டில் தங்க வைத்தோம். அந்தப் பயம் வீணாகிவிட்டது. இப்போது வேறொரு பயம். இரண்டு வருடத்தில் அவள் என்னைவிட ஊர்க்காரி ஆகிவிட்டாள். போனில் 'இன்னாமா' என்கிறாள். பேருந்து, பந்தல், பஞ்சாயத்து எல்லாவற்றிலும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், பிள்ளைகள் ஊரைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று எழுதுவார்கள். என் மகள் ஊருக்குள் போய்க்கொண்டே இருக்கிறாள், நான் வெளியே நிற்கிறேன்.

தீ மிதிக்கப் போவதாகச் சொன்னபோது ஏன் என்று கேட்டேன்.

"மேக்ஸ் அரியர்மா. அம்மன்கிட்ட சொல்லிட்டேன். காப்பு கட்டியாச்சு."

"படிச்சா பாஸாகப் போற. அதுக்கு எதுக்குடி நெருப்பு?"

"படிக்கவும் செய்றேன். ரெண்டு பக்கமும் சேஃப்டி வேணாமா? நீதானே எப்பவும் சொல்லுவ?"



3

குழாய் எங்கள் நிலத்துக்குள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தெற்கே கடலோரத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையைப் பெரிதாக்கினார்கள். அங்கிருந்து வடக்கே புதிதாகக் கட்டும் எரிபொருள் கிடங்குக்குக் குழாய் போட வேண்டும். லாரிகளில் போவது அதில் போகும் என்றார்கள். பாகூர்ப் பக்கத்து வயல்களின் ஊடாக அதன் பாதை வந்தது. முதலில் ஊரில் ஒரே சத்தம். பிறகு அதிகாரிகள் வந்து விளக்கினார்கள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். உழலாம், நெல் போடலாம். குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. அவ்வளவுதான்.

அந்த சமயத்தில் வேலு என்னைத்தான் கேட்டான். நான் கிடங்கில் வேலை செய்கிறவள், நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். நல்லதுதான், லாரியைவிடக் குழாய் பத்திரம் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். பூமிக்குள் அது தன் பாட்டில் கிடக்கும். மேலே இருப்பவர்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

நினைவு வைப்பதில்தான் சிக்கல். கோயிலுக்கு எதிரே இருந்த பழைய தீமிதித் திடலில் தண்ணீர்த் தொட்டி கட்டி, சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். இந்த வருடம் குழி வெட்ட வேறு இடம் தேடினார்கள். எங்கே பார்த்தாலும் தென்னை, வீடு, மோட்டார் கொட்டகை. கூட்டம் நிற்கிற அகலத்துக்கு, மரமோ சுவரோ இல்லாமல், சமதளமாக ஒரே ஓர் இடம் இருந்தது. அது எங்கள் நிலத்தில் குழாய் போகும் பட்டை. அங்கே மரமும் சுவரும் இல்லாததற்குக் காரணமே குழாய்தான். அந்தக் காரணத்தை மறந்துவிட்டு, இடம் அம்சமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் பிடித்துப்போனது.

மறக்க இன்னொரு வசதியும் இருந்தது. குழாய் போட்டு வெகு நாளாகியும் அதில் எதுவும் ஓடவில்லை. தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள், அதோடு சரி. வெறும் குழாய் என்றே ஊரில் பேச்சு.

4

வேலுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பம்பையும் உடுக்கையும் அடிக்கிற இடத்தில் யாருக்கு மணியோசை கேட்கும்? மது காப்பு கட்டியதிலிருந்து போனைத் தொடுவதில்லை, அதைத் தன் மாமியிடம் கொடுத்து வைத்திருந்தாள். மாமியின் போனும் அணைந்து கிடந்தது. என் கணவருக்கு அன்று வேலை. ஆலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

மூன்றரைக்கு இன்னும் அரை மணிதான்.

மறுபடி வீடியோவை ஓட்டினேன், தெரிந்த முகம் ஏதாவது அகப்படுமா என்று. அப்போதுதான் மைக்செட் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. குமார் சவுண்ட் சர்வீஸ். கீழே போன் எண். திருவிழாவில் எந்தச் சத்தத்திலும் போனை எடுக்கிற ஒரே ஆள் மைக்செட்காரர்தான், அது அவருக்குப் பிழைப்பு. முதல் மணியிலேயே எடுத்தார்.

"குமார் சவுண்ட் சர்வீஸ், சொல்லுங்க. என்னிக்கு பங்சன்?"

"பங்சன் இல்லீங்க. நான் வேலுவோட அக்கா, ஓமான்லேர்ந்து பேசறேன். அவன்கிட்ட போனக் குடுங்க, அவசரம்."

"வேலு அண்ணனா? இந்தக் கும்பல்ல எங்க கீதோ. நா ஆம்ப்ளிபயர வுட்டுட்டு வர முடியாதுக்கா. வேணும்னா மைக்ல கூப்புட்றேன்."

அவன் வந்து, கேட்டு, நம்பி, ஊருக்குச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று தோன்றியது.

"உங்க போன ஸ்பீக்கர்ல போட்டு மைக்குகிட்ட வைங்க. நானே பேசறேன்."

"தோ பார்றா! சாமி பாட்டு ஓடினு கீதுக்கா."

"பாட்ட நிறுத்துங்க. குழிக்குக் கீழ பெட்ரோல் பைப்பு இருக்கு. நீங்களும் அங்கதான நிக்கறீங்க?"

பாட்டு நின்றது.

என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "வேலு, தீ வைக்காதே. யாரும் கட்டையில தீ வைக்காதீங்க. குழிக்குக் கீழ பெட்ரோல் பைப்பு இருக்கு. எல்லாரும் தள்ளிப் போங்க" என்றேன். நான் பிறந்த ஊரின் நான்கு ஒலிபெருக்கிகளில் என் குரல் போய், கொஞ்சம் தாமதமாக எனக்கே போனில் திரும்பி வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை. யாரோ குலவையிட்டார்கள்.

"அக்கா," என்றார் குமார், "ரெண்டு பேருக்கு சாமி வந்துடுச்சி. சுருக்கமா சொல்லு."

அதற்குள் வேலு ஓடிவந்துவிட்டான். "இன்னாக்கா இது! ஊருக்கே கேக்குது. மானத்த வாங்கறியே!"

"தீ வச்சாச்சா?"

"இன்னும் இல்ல. தர்மகர்த்தா கற்பூரத்தோட நிக்கறாரு."

"அந்த மஞ்ச நாடா எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"ஜேசிபி குழி வெட்டும்போது வந்துச்சி. நல்லா கெட்டியா கீது, கயிறு வாங்கத் தேவலன்னு கழுவிக் கட்டனோம். ஏன்?"

"அதுக்குக் கீழதாண்டா பைப்பு."

"பைப்பு ஆழத்துல கீதுக்கா. நா கூட நின்னுதான பொதச்சானுங்க? ஆளு ஒசரத்துக்கு மண்ணு போட்டானுங்க."

"போன கோடையில வீடு கட்ட மண்ணு வெலைக்கு வாங்கலன்னியே, இந்த மேல் மண்ணதான வாரின?"

பம்பையும் நின்றிருந்தது.

"வூட்டு பேஸ்மட்டத்துக்குக் கொஞ்சம் வாரனோம்," என்றான் மெதுவாக.

"எவ்ளோ?"

"இடுப்பளவு இருக்கும். ஆனா வெறும் பைப்புக்கா அது! ஒண்ணும் ஓடல, எல்லாருக்கும் தெரியும்."

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. மைக் இன்னும் ஆனிலேயே இருந்தது. பேஸ்மட்டத்துக்கு மண் வாரிய கதையை ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்பளவு என்று அவன் சொன்ன இடத்தில் கூட்டம் தானாகப் பின்னால் நகர்ந்ததாகக் குமார் பிறகு என்னிடம் சொன்னார்.

5

குழாய்க்காரர்களுக்குச் சொல்லிவிடு என்றேன். வேலு மறுத்தான். போலீஸ் வரும், திருவிழா நின்றுவிடும், அந்தப் பழி நம் குடும்பத்துக்கு வேண்டாம் என்றான். நான் கூப்பிடுகிறேன், எண்ணையாவது சொல் என்றேன். நிலத்தின் ஓரத்தில் குழாய்க்காரர்கள் நட்ட கம்பம் இருக்கிறது, அதில் அவசர எண் எழுதியிருக்கும். வேலு போய்ப் பார்த்தான். கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருந்தார்கள். திருவிழா இடத்தில் ஒரு கம்பம் சும்மா நிற்கலாமா என்று யாரோ செய்தது. நகத்தால் சுரண்டிப் படித்தான்.

இரண்டு எண்கள். முதலாவது கட்டணமில்லா எண். வெளிநாட்டிலிருந்து அதைக் கூப்பிட முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் பொறுமையாகச் சொன்னது. இரண்டாவது கட்டுப்பாட்டு அறை. எடுத்தவர் இந்திக்காரர்.

நான் என் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றார். ஓமான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்தக் குழாய் இந்தியாவில் இருக்கிறது மேடம் என்றார். எனக்கும் தெரியும் என்றேன். நீங்கள் நில உரிமையாளரா? அவருடைய அக்கா. உரிமையாளர்தான் தகவல் தர வேண்டும். அவர் தீமிதிக் குழியருகே நிற்கிறார். தீமிதி என்றால்? அதை என் இந்தியில் எப்படிச் சொல்வது? நெருப்பின்மேல் நடப்பது என்றேன். யார் நடப்பது? என் மகள். ஏன்? கணக்குத் தேர்வுக்காக.

அவர் போனை வைத்துவிடப் போகிறார் என்று பயந்தேன். அழுகை வந்தது. அழுதால் இந்தி இன்னும் கெட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு, என் சன்னலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். தினமும் பேசுகிற ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழாயின் மேலுள்ள மண் இடுப்பளவு அகற்றப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை நாடா வெளியே வந்துவிட்டது. அதன்மேல் திறந்த நெருப்பு மூட்டப் போகிறார்கள். அனுமதி கிடையாது. வாயு அளக்கப்படவில்லை. சுற்றிலும் பொதுமக்கள். கம்பத்து எண் இது.

அவருடைய குரல் மாறிவிட்டது. ஊர்ப்பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"குழாயில் இப்போது ஏதாவது ஓடுகிறதா?" என்று கேட்டேன்.

"அதை வெளியாட்களிடம் சொல்வதற்கில்லை மேடம். ஆட்கள் புறப்படுகிறார்கள். எல்லோரையும் விலகச் சொல்லுங்கள்."

6

திரும்பக் குமாரைக் கூப்பிட்டபோது அங்கே பெரிய வாக்குவாதம். தர்மகர்த்தா எனக்குத் தூரத்துப் பெரியப்பா முறை, நல்ல மனிதர். அவர் நிலை எனக்குப் புரிந்தது. வெட்டிய குழியைத் தீ வைக்காமல் மூடியதில்லை. குறித்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஏதாவது தப்பாகி, வருகிற வருடம் மழை இல்லையென்றால் ஊர் அவரைத்தான் கேட்கும்.

"குழாயில ஒண்ணும் இல்லன்றான் வேலு. அவ எங்கியோ ஒக்காந்துனு வைக்காதேன்றா. நா யார் சொல்றதக் கேக்கறது?" என்று மைக்கிலேயே கேட்டார்.

குழாய் காலிதான் என்று நிரூபிக்க அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. நிறைந்திருக்கிறது என்று நிரூபிக்க என்னிடமும் எதுவும் இல்லை. கையில் ஒரு போன், அவ்வளவுதான்.

அப்போது மதுவின் குரல் வந்தது.

"அம்மா, மது பேசறேன். உன் குரல் கொளத்தாங்கர வரைக்கும் கேட்டுச்சு. நாங்க குளிச்சிட்டு ஈரத்தோட ஓடியாந்தோம்."

"நீ கிட்டப் போகாதடி."

"போகல." பிறகு தர்மகர்த்தாவிடம் சொன்னாள்: "பெரிய தாத்தா, காப்பு கட்டுனவங்க எல்லாரும் இங்கதான் நிக்கறோம். இந்தக் குழில நாங்க எறங்க மாட்டோம்."

"நீ வெளிநாட்டுப் பொண்ணு, ஒனக்கு இன்னாமா தெரியும் இந்த ஊரு பழக்கம்?"

"எறங்கப் போறது எங்க காலு தாத்தா. ஒங்க காலு இல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்கள் பலரும் ஒன்றாகப் பேசினார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காப்பு கட்டியவர்கள், அதை அவிழ்க்கிற வரைக்கும், எதைக் கேட்டாலும் ஊரார் இல்லை என்று சொல்லக் கூடாது. மோர் கேட்டாலும் சரி, வழி கேட்டாலும் சரி. இடத்தை மாற்றிக் கொடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். பெரியப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இப்போது யோசித்தால், அவர் அதற்காகவே காத்திருந்தாரோ என்று தோன்றுகிறது. யாராவது தன் கையிலிருந்து அந்தக் கற்பூரத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று.

வாய்க்காலைத் தாண்டி ஏரி. கோடையில் அதன் உள்பக்கம் வறண்டு கிடக்கும். அங்கே மாற்றுவது என்று முடிவானது. குமார் போனை ஒரு சவுக்குக் கழியில் கட்டி, வீடியோவில் விட்டார். "பாத்துனே இரு அக்கா. நா ஒரு ஒலிபெருக்கிய அந்தாண்ட மாத்தணும்" என்று போய்விட்டார்.

மஞ்சள் புடவையில் ஒருத்தி குனிந்து, அடுக்கிலிருந்து ஒரு புளியங்கட்டையை உருவித் தோளில் ஏற்றினாள். நடையை வைத்துத்தான் மது என்று தெரிந்தது. பின்னாலேயே மற்றவர்கள். ஈரப் புடவையோடு, வெறுங்காலோடு, வாய்க்காலில் இறங்கி ஏறி, அவ்வளவு கட்டையையும் சுமந்தார்கள். ஆண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு வெட்கப்பட்டோ என்னவோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களும் சேர்ந்தார்கள். ஜேசிபி ஏரிக்குள் போய்ப் புதுக் குழி வெட்டியது.

நான் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தோளில் கட்டையோடு போவதும், வெறுங்கையோடு திரும்புவதும், மறுபடி போவதும். அவள் அந்தப் பழைய குழியண்டை வரும்போதெல்லாம், சீக்கிரம் விலகிப் போடி என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவள் அந்த ஊரின் ஆள் என்று முதல்முறையாக அன்று நிம்மதியாக நினைத்தேன். நான் ஒலிபெருக்கியில் கத்தியதற்குக் கூட்டம் நகர்ந்தது, கட்டை நகரவில்லை. கட்டையை நகர்த்த அங்கே இருப்பவர்களால்தான் முடியும்.

முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: மது அன்று மிதித்தாள். தணல் ஆக நேரம் பிடித்ததால், விளக்கு வைத்த பிறகுதான் இறங்கினார்கள். நெருப்பில் அவளுக்கு ஒரு கொப்புளமும் இல்லை. கட்டை சுமந்தபோது குதிகாலில் ஏறிய முள்தான் ஒரு வாரம் படுத்தியது. அரியர் முடிவு இன்னும் வரவில்லை. என் வாழ்க்கை பழையபடி ஓடுகிறது. காலையில் பேருந்து, சன்னல், முத்திரை. மத்தியானம் அந்த மேசை. எந்தக் குறையும் இல்லை. சன்னலில் யாராவது வந்து நெருப்புக்கு அனுமதி கேட்டால் மட்டும், இப்போதெல்லாம் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். ஏன் நிற்கிறீர்கள் என்று சயீத் கேட்டார். முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

7

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஏரிக்குள் புதுக் குழியில் தீ மூட்டி, முதல் புகை எழுந்த நேரம். பழைய குழியைச் சுற்றி ஆளில்லை. மஞ்சள் நாடா மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வேலு தன் போனில், வீடியோவில் என்னைப் பிடித்துக்கொண்டு அங்கே தனியாக நின்றான். அவன் இன்னும் விடவில்லை.

"வீணா ஊரையே அலைய வுட்டுட்டக்கா. வெறும் பைப்பு. வந்து பாத்துட்டு சிரிக்கப் போறானுங்க."

இரண்டு பேர் வயல் வரப்பில் வேகமாக நடந்து வந்தார்கள். முன்னால் வந்த இளைஞர்தான் அதிகாரி, அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பின்னால் வந்தவர் கையில் வாயு அளக்கும் கருவி. அந்தக் கருவியைக் குழியின் நாலு மூலையிலும் காட்டி, தலையசைத்த பிறகுதான் அதிகாரி உள்ளே இறங்கினார். மண்வெட்டி கேட்கவில்லை. முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை ஒதுக்கினார். நாய் பள்ளம் பறிக்கிற ஆழம்கூட இல்லை. கறுப்பாக, வழவழப்பாக, குழாயின் முதுகு தெரிந்தது.

அதன்மேல் அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வெறும் பைப்புதான சார்?" என்றான் வேலு.

அவர் எழுந்து வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

"ஜீப்ப மெயின் ரோட்லயே நிறுத்திட்டு நடந்து வரோம்ண்ணே. இஞ்சின் சூடுகூட இதுங்கிட்ட வரக் கூடாதுன்னு. மொத தடவையா இன்னிக்குக் காலைலதான் பெட்ரோல் வுட்டாங்க. ஒங்க அக்கா போன் பண்ணப்புறம்தான் பம்ப நிறுத்தனாங்க, குழாய் நெறய அப்டியே நிக்குது." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மோர் இருந்தா ஒரு சொம்பு குடுங்கண்ணே."